வெற்றுப் பலகையும் எரியும் பாலமும்

1

வயலினும் சீனத்துத் தந்தி வாத்தியங்களும் சேர்ந்து, எழுதி வைத்த ஸ்வரத்தை நம்பாமல், அப்போதைக்கப்போது உண்டாக்கிக்கொள்கிற இசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வந்து வழிமறிக்கிற சொல் 'ஃப்யூஷன்'. இதைக் 'கலப்பிசை' என்றும் 'இணைவிசை' என்றும் தமிழாக்கிப் பார்த்தாயிற்று. எதுவும் ஒட்டவில்லை. குறை தமிழில் இல்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு புனைவு உட்கார்ந்திருக்கிறது. தூய்மையான இரண்டு பொருட்கள் தனித்தனியாக இருந்தன, பிறகு யாரோ ஒரு மேதை வந்து கலந்தார் என்கிற புனைவு. 'கிழக்கும் மேற்கும் கைகுலுக்குகின்றன' என்று இசைத்தட்டு உறையில் எழுதுகிறவர்கள் இந்தப் புனைவை விற்கிறார்கள். 'ஐயோ, மரபு கெட்டுப்போச்சே' என்று சபாக்களில் அலறுகிறவர்களும் இதே புனைவைத்தான் நம்புகிறார்கள். இரண்டு தரப்பும் சண்டை போடுவதுபோலத் தெரியும். நிற்கிற தரை ஒன்றுதான்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். 'சீனம்' என்ற சொல் இங்கே சங்கீதத்தைக் குறிப்பதில்லை. போட்டிச் சரக்கைக் குறிக்கிறது. 2014 வாக்கில் கள்ளத்தனமாக இறங்குகிற சீனப் பட்டாசுக்கு எதிராக இந்த வட்டாரமே குரல் கொடுத்தது. தீப்பெட்டித் தொழிலைச் சீன லைட்டர் தின்கிறது என்று கோவில்பட்டி வரை போராட்டம் நடந்து, 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதி 2023 ஜூனில் தடை செய்யப்பட்டது. தீப்பெட்டி ஒட்டியும் வெடி சுற்றியும் வயிறு கழுவுகிறவர்கள் இதைக் கேட்டதில் தப்பே கிடையாது. ஆனால் சரக்கின் மேல் ஒட்டிய 'சீன' என்கிற அடைமொழி எந்தக் கணத்தில் மனிதர்கள் மேல் தாவுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 'சீனாக்காரன் நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான்' என்று டீக்கடையில் சொல்லும்போது சரக்கும் ஆளும் ஒன்றாகிவிடுகின்றன.

கரிமருந்தே சீனத்தில் பிறந்தது. நாம் சின்னப் பிள்ளையில் வெடித்த 'சீனி வெடி', 'சீன வெடி' என்பதன் தேய்ந்த உருவமாகத்தான் இருக்க வேண்டும். அதில் சர்க்கரைக்கு என்ன வேலை? ஆக, 'நம்ம ஊர்ச் சரக்கு' என்று நாம் மார்தட்டுவதன் திரியைப் பிடித்துக்கொண்டே போனால் அது சீனத்தில் போய் முடிகிறது. வாத்தியங்களின் கதையும் இப்படிப்பட்டதுதான்.

2

எர்ஹு என்பது இரண்டு கம்பி வாத்தியம். சின்ன மரக்குடம், அதன் முகத்தில் மலைப்பாம்புத் தோல், மேலே நீண்ட கழுத்து. இடது தொடையில் நிறுத்தி வாசிக்கிறார்கள். வில்லின் முடி இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஓடுகிறது. வில்லைத் தனியே எடுத்துவிட முடியாது. விரல்பலகையும் கிடையாது, விரல் அந்தரத்தில் கம்பியை அழுத்துகிறது. அதனால் சுருதிக்குச் சுருதி வழுக்கிப்போவது அதன் இயல்பு. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகப் படாது. பிபா நான்கு கம்பி வாத்தியம், மெட்டுகள் உண்டு, நகத்தால் மீட்டுகிறார்கள்.

இவை இரண்டும் 'சீனத்தின் ஆன்மா' என்று சொல்லப்படுகின்றன. பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'எர்' என்றால் இரண்டு. 'ஹு' என்பது சீனத்தின் வடக்கிலும் மேற்கிலும் இருந்த அந்நிய இனத்தாரைக் குறிக்கும் சொல், கொஞ்சம் இளக்காரமாகவே. 'அந்நியன் வாத்தியம்' என்பது பெயரிலேயே இருக்கிறது. பிபா மத்திய ஆசியாவிலிருந்து வணிகப் பாதை வழியே வந்து, டாங் காலத்தில் கிடையாகப் பிடித்து மீட்டுகோலால் வாசிக்கப்பட்டு, பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்றைக்கு எர்ஹு என்று மேடையில் நாம் பார்ப்பதற்கு அஸ்திவாரம் போட்டவர் லியு டியன்ஹுவா (1895-1932). பெய்ஜிங்கில் வயலினும் கற்றவர். வயலினின் விரல் இடப்பெயர்ச்சியையும் வில் முறைகளையும் எர்ஹுவுக்குக் கொண்டுவந்தார். தெருவில் கிடந்த வாத்தியம் கல்லூரிக்குள் நுழைந்தது அப்படித்தான். நவீன எர்ஹுவுக்குள் ஏற்கெனவே வயலின் இருக்கிறது. அப்புறம் எதையும் எதையும் கலக்கிறோம்?

நம் பிடிலின் கதை தெரிந்ததுதான். கும்பெனிக்காரன் பாண்டு வாசிப்பைச் சென்னையில் கேட்டு பாலுஸ்வாமி தீட்சிதர் கற்றுக்கொண்டார். பிறகு இங்கிருந்து கோவில்பட்டியைத் தாண்டினால் வருகிற எட்டயபுரத்தில் சமஸ்தான வித்வானாக இருந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் ஸ்வாதித் திருநாள் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை என்று இசை வேளாளர் வரிசை ஒன்று இதில் இருக்கிறது. பிடிலின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள்.

காலண்டர் அடிக்கிற ஊர்க்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சிவகாசி அச்சகங்களிலிருந்து வெளியே போன சாமி படங்களில் சரஸ்வதி கையில் வீணை, கிருஷ்ணன் கையில் குழல். எந்தச் சாமியாவது பிடில் வைத்திருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பிடில் இல்லாமல் கர்நாடகக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியாது. மரபு என்று படமாக அச்சடித்து மாட்டுவது ஒன்று. மரபாக அன்றாடம் நடப்பது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் இந்த இசை நடக்கிறது.

3

இனி இரண்டு இசைத்தட்டுகள். முதலாவது 1996இல் வந்த 'டபுலா ராஸா'. லத்தீனில் வெற்றுப் பலகை, எழுதியதை அழித்த சிலேட்டு என்று பொருள். மோகன வீணை விஸ்வமோகன் பட், பாஞ்சோ பேலா ஃப்ளெக், எர்ஹு ஜியெபிங் சென் என்று உறையில் மூன்று பெயர். தயாரித்தவர் இலங்கையில் பிறந்து கலிபோர்னியாவில் 'வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ்' நடத்திய கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர். இதற்கு முன்பு ரை கூடரும் பட்டும் சேர்ந்த 'எ மீட்டிங் பை த ரிவர்' (1993) அவருக்குக் கிராமி வாங்கிக் கொடுத்தது. அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தித்துச் சற்று நேரத்திலேயே, ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள் என்பது அந்த இசைத்தட்டின் புகழில் பாதி.

ஒலியைப் பதிவு செய்ததில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அறையின் காற்றே கேட்கிறது. என் கேள்வி தலைப்பின் மேல். 'முன்னே எதுவும் இல்லை, இப்போதுதான் சந்தித்தோம்' என்கிற கதையாடல் எங்கிருந்து வருகிறது? அழித்த சிலேட்டோடு வந்து உட்காரக்கூடியவர் யார்? எர்ஹு ஷாங்காய் இசைக் கல்லூரியிலிருந்து வருகிறது; லியு டியன்ஹுவாவின் சீர்திருத்தமும் அரசு இசைக்குழுக்களின் பயிற்சியும் அந்த விரல்களில் இருக்கின்றன. மோகன வீணை ஹவாய் கிட்டாரிலிருந்து வருகிறது. பாஞ்சோ அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கையிலிருந்து வெள்ளை இசைக்குள் வந்தது. மூன்று வாத்தியத்திலும் இடப்பெயர்வின் தழும்பு இருக்கிறது. தலைப்பு அந்தத் தழும்பின் மேல் சுண்ணாம்பு அடிக்கிறது. கேட்டால் இனிமைதான். ஒருவர் முடிக்கிற இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்கிறார், ஒருவரையும் ஒருவர் தொந்தரவு செய்வதில்லை. நல்ல விருந்தாளிகள். ஆனால் எல்லோரும் விருந்தாளிகளாக இருக்கிற வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்?

நம் பக்கத்து உதாரணம் எல். சுப்ரமணியம். 1999இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டுக்குப் பெயரே 'குளோபல் ஃப்யூஷன்'. அவருடைய பிள்ளைப் பருவம் யாழ்ப்பாணத்தில் கழிந்தது. அப்பா வி. லட்சுமிநாராயண ஐயர் அங்கே இசை கற்பித்தவர். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. அந்த வீட்டிலிருந்து எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம், எல். சங்கர் என மூன்று வயலின் கிளம்பியது. உலக மேடைக்குப் போன தமிழ் வயலினின் தொடக்கத்தில் ஒரு கலவரம் இருக்கிறது என்பது எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? 'உலக இசை' என்கிற சந்தை கலைஞரின் பாஸ்போர்ட்டைக் காட்டும், அவர் எதைவிட்டு ஓடிவந்தார் என்பதைக் காட்டாது.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தும் இதே பலகையில் போய் நின்றவர் ஆங்கிலேய கிட்டார்க்காரர் டெரக் பெய்லி (1930-2005). எந்த இசைமொழிக்கும் சொந்தமில்லாத வாசிப்பு என்ற ஒன்றை அவர் முன்வைத்தார். பிபா வாசிக்கிற மின் ஷியாவ்ஃபென்னோடு அவர் செய்த 'வைப்பர்' (1998) அழகான சண்டை. அங்கே விருந்தாளி மரியாதை கிடையாது. ஆனாலும் இசைமொழியே இல்லாத இடம் என்று ஒன்று உண்டா? சாதி இல்லாத தமிழன் என்று ஒருவரைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

4

இரண்டாவது இசைத்தட்டு 2012இல் வந்த 'பர்னிங் பிரிட்ஜ்', எரியும் பாலம். வயலின்காரர் ஜேசன் காவ் ஹுவாங். 1957இல் அமெரிக்காவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். இவருடைய குழுவில் எட்டுப் பேர். எர்ஹு வாங் குவோவெய், பிபா சுன் லி. மிச்சம் கார்னெட், டிராம்போன், டியூபா, டபுள் பாஸ், டிரம்ஸ். எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் மாறிமாறி வருகின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று விரல் வைக்க முடியாது.

இங்கே வயலினும் எர்ஹுவும் நெருங்கி வரும்போது, இரண்டும் வில் வாத்தியம், இரண்டும் வழுக்கக்கூடியவை என்பதால், ஒன்று மற்றதன் குரலைப் போட்டுக்கொள்ளும் ஆசை எழுகிறது. அமெரிக்காவில் பிறந்த சீனர் ஒருவருக்கு இது வெறும் ஒலி விவகாரம் அல்ல. எர்ஹு அவருக்குத் தாய்வீடா, அந்நிய வாத்தியமா? வயலின் அவருக்குச் சொந்தமா, பள்ளிக்கூடம் கொடுத்த யூனிஃபார்மா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் நெருக்கடிக்கு இந்த இசை பணிவதில்லை. டியூபாவும் டிராம்போனும் பக்கத்தில் இரைவதால் எர்ஹு மியூசியப் பொருளாகப் பளபளக்கவும் முடியவில்லை. இரைச்சலுக்குள் தன் குரலைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாலம் இருக்கிறது, அதே சமயம் எரிந்துகொண்டும் இருக்கிறது. கடந்து போகிறவருக்குக் கால் சுடும்.

இதே குழுவோடு ஹுவாங் 2018இல் 'பிளட்' (ரத்தம்) என்ற இசைத்தட்டைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு நடுவே அவருடைய தாய் பட்டதிலிருந்து அது கிளம்புகிறது. கூடவே, அவருடன் வேலை செய்து மறைந்த இரண்டு கறுப்பினக் கலைஞர்களின் நினைவு: புட்ச் மோரிஸ், பில்லி பாங். இருவரும் வியட்நாம் போரில் அமெரிக்கப் படைக்குப் போய் வந்தவர்கள். வயலின்காரரான பில்லி பாங் (1947-2011) அந்தப் போரைப் பற்றிப் பல ஆண்டுகள் வாயே திறக்கவில்லை. 2001இல் 'வியட்நாம்: த ஆஃப்டர்மாத்', 2005இல் 'வியட்நாம்: ரிஃப்லெக்ஷன்ஸ்' செய்தார். இரண்டாவதில் வியட்நாமியப் பாட்டும் 'தான் சான்' வாத்தியமும் உண்டு. அது சீன 'செங்' குடும்பத்தைச் சேர்ந்த தந்தி வாத்தியம். துப்பாக்கி பிடித்த கை வில்லைப் பிடித்துக்கொண்டு, தான் சுடப்போன நாட்டின் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்கிறது. இதைப் போய் 'ஃப்யூஷன்' என்பீர்களா?

இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வோமே, 'குட்டி ஜப்பான்' என்று. நேரு சொன்னதாகச் சொல்வார்கள். உழைப்புக்குக் கிடைத்த பட்டம், சரிதான். ஆனால் பெரிய ஜப்பானின் குண்டு விழுந்த வீட்டுப் பிள்ளை வாசிப்பதை இந்த ஊரிலிருந்து கேட்கும்போது அந்தப் பட்டத்தில் இன்னொரு சத்தமும் சேர்ந்து கேட்கிறது.

5

முன்கூட்டி எழுதாத இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் கூசாமல் பயன்படுத்துகிற சொல் 'ஆபத்து'. கலைஞர் ஆபத்தைத் தேர்ந்தெடுக்கிறார், விளிம்பில் நின்று வாசிக்கிறார், இப்படி. நம் சிறுபத்திரிகைகளிலும் 'அபாயத்தின் அழகியல்' என்று பேசியிருக்கிறோம். விருதுநகர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த உருவகத்தை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இங்கே ஆபத்து உருவகம் அல்ல. மருந்து கலக்கிற அறையில் இருப்பவருக்கு மனோதர்மம் கிடையாது. கை கொஞ்சம் உரசினால் போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றுக்கு ஆண்டுக்கணக்கு வைத்தால் பக்கம் போதாது. அவர்கள் யாரும் ஆபத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை; தினக்கூலிக்கு அது அவர்கள் தலையில் வைக்கப்பட்டது.

இந்த வட்டாரத்தில் வளர்ந்த காதுக்கு ஒரு பயிற்சி உண்டு. கோயில் கொடை வேட்டா, சாம்பிள் பார்க்கிறார்களா, இல்லை விபத்தா என்பதைச் சத்தத்தை வைத்தே பிரித்துவிடும். விபத்தின் சத்தம் வந்தால் ஊரே வெளியே வந்து புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்க்கும். 'நம்ம ஆளு எந்தப் பட்டறைக்குப் போயிருக்கு?' என்ற கேள்விதான் அப்புறம். வெடித்த கணம் ஒரு நொடி. அதற்குப் பின்னால் வருகிற காத்திருப்புக்குத்தான் நீளம் அதிகம்.

ழாக் அத்தாலி 1977இல் எழுதிய 'இரைச்சல்' பற்றிய புத்தகத்தில், இரைச்சல் என்பது வன்முறை, இசை அந்த வன்முறையை ஒழுங்குக்குள் கொண்டுவரும் சடங்கு என்று வாதிட்டார். நம் வட்டாரம் அவருடைய கோட்பாட்டுக்குள் அடங்காது. இங்கே இரைச்சலே சரக்கு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று 1999இல் சட்டம் அளந்து வைத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் உப்பையும் தடுத்தது. வாங்குகிறவர் காதுக்கும் நுரையீரலுக்கும் அளவுகோல் வந்தது நியாயம்தான். செய்கிறவர் உடம்பை அளக்கிற கோல் இன்னும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

'பிளட்' என்னை இழுத்தது இந்த இடத்தில்தான். பிபாவுக்குப் போரைச் சத்தமாகவே நடித்துக் காட்டுகிற மரபு இருக்கிறது. கி.மு. 202இல் நடந்த காய்ஷியா யுத்தத்தைச் சொல்கிற 'பத்துத் திசையும் பதுங்கல்' என்ற பழைய உருப்படியில் விரல்களின் உருட்டல் குதிரையாகவும் முரசாகவும் ஆகும். எட்டுப் பேர் குழுவுக்குக் குண்டு விழும் சத்தத்தை உண்டாக்குவது பெரிய காரியமில்லை. ஹுவாங் அந்தச் சத்தத்தை விற்கவில்லை. வெடித்து முடிந்த பிறகு உடம்புக்குள் பல ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தைத்தான் இந்த வாத்தியங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. தாயிடம் இருந்தது பிள்ளையின் வில்லுக்கு வருகிறது. அந்தக் குண்டை நேரில் அறியாத டிராம்போன்காரரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார். எழுதி வைக்காத இசையின் அரசியல் இதுதான் என்று எனக்குப் படுகிறது. நாம் உண்டாக்காத ஒரு சத்தத்துக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். சுதந்திரம், ஆபத்து என்ற சொற்களைவிட 'பொறுப்பு' என்ற பழைய சொல் இதற்குக் கிட்டே வருகிறது.

6

ஒரு எச்சரிக்கையும் சீனத்திலிருந்தே கிடைக்கிறது. ஆபிங் என்று அறியப்பட்ட ஹுவா யன்ஜுன் (1893-1950) வூஷி நகரத் தெருக்களில் வாசித்துப் பிழைத்த கண்பார்வையற்ற கலைஞர். 1950இல் யாங் யின்லியு என்ற ஆய்வாளர் எஃகுக் கம்பியில் ஒலியைப் பதிகிற கருவியோடு போய் அவரிடமிருந்து எர்ஹுவில் மூன்றும் பிபாவில் மூன்றுமாக ஆறு உருப்படிகளைப் பதிந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆபிங் இறந்துபோனார். நாளுக்கொரு விதமாகத் தெருவில் மாறிக்கொண்டிருந்த வாசிப்பு, பதிந்த அந்த ஒரு தடவையில் உறைந்து, ஸ்வரப்படுத்தப்பட்டு, கல்லூரிப் பாடமாகி, தேசத்தின் சொத்தானது. நம் ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் விரித்த தோடி சில நிமிட இசைத்தட்டுக்குள் போனதும் இதே கதைதான். பதிவு இல்லையென்றால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் அரசும் அகாடமியும் தத்தெடுத்த பிறகு தெருவைக் கழுவிவிட்டுத்தான் நம்மிடம் தருகின்றன.

இதனால் நான் கேட்பது ஒன்றுதான். உலகத்தோடு கைகுலுக்கப் போகிற மேடையில் நம் பக்கத்திலிருந்து யார் உட்காருகிறார்கள்? வயலின், மிருதங்கம், கடம். மிஞ்சிப்போனால் தவில். அருப்புக்கோட்டைப் பக்கமும் ராஜபாளையம் பக்கமும் கொடைக்குக் கொடை, எதிரே ஆடுகிறவர் காலைப் பார்த்துக் கணத்துக்குக் கணம் அடியை மாற்றுகிற நையாண்டி மேளக்காரரின் வாசிப்பை யாரும் மனோதர்மம் என்று சொல்வதில்லை. பறைக்காரரைக் கேட்கவே வேண்டாம். ஷாங்காய் எர்ஹுவுக்கு நாற்காலி போட்ட வயலின்காரர்கள் தங்கள் ஊர்ச் சேரியிலிருந்து ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் அடிக்குத் தன் வில்லை மாற்றிக்கொண்ட சம்பவம் எத்தனை? சென்னையிலிருந்து ஷாங்காய்க்குப் பாலம் போடுவது சுலபம், விமானம் இருக்கிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருப்பது ஒரு ஓடை, ஒரு தெரு. அந்தப் பாலத்தில் நடந்தால்தான் கால் சுடும். அது ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருக்கிறது, யாரும் வாசிக்கத்தான் இல்லை.